கடல் பூத்தால்

பூத்தல் என்றவுடன் நம்மவர் உள்ளம் மல்லிகையையும் முல்லையையும் தேடி ஓடுகின்றது. நம் வீட்டுப் பெண்மக்களோ அச்சொல்லை அதனினும் விரிவாக அறிவார்கள். மூடி போட மறந்த ஊறுகாய்ச் சாடியில் பூஞ்சணம் பூக்கின்றது. மழைக்காலத்துக் கிணற்றடிக் கல்லில் பாசி பூக்கின்றது. வருவான் வருவான் என்று வாசலையே பார்த்திருந்து கண் பூத்துப் போகின்றது. அணைந்ததென்று எண்ணி மிதித்த நெருப்பு, நீறு பூத்துக் கிடந்து காலைச் சுடுகின்றது. பூப்பதெல்லாம் மங்கலமன்று என்பதைத் தமிழ் எப்பொழுதோ கண்டு வைத்திருக்கின்றது. கடலும் பூப்பதுண்டு. அந்தப் பூப்பைப் பற்றியே இன்று வாசகர்களோடு பேச விரும்புகின்றோம்.

கடல்நீரில் ஒற்றை உயிரணுவையே உடலாகக் கொண்ட நுண்ணிய பாசிகள் மிதந்து வாழ்கின்றன. இவற்றுள் ஏறக்குறைய 5000 இனங்களை விஞ்ஞானிகள் பிரித்தறிந்திருக்கின்றனர். இவை நமக்குப் பகையல்ல. உலகில் நடைபெறும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி இவற்றால் நடப்பது. இவை இல்லையேல் இறால் இல்லை, மத்தி இல்லை, மத்தியைத் தின்னும் பெரிய மீனும் இல்லை. இந்த 5000 இனங்களுள் 300 அளவிலான இனங்கள், காலம் வாய்த்தால் கடலின் நிறமே மாறும்படி பெருகவல்லவை. சிவப்பாகவும் பச்சையாகவும் பழுப்பாகவும் நீர் திரிந்து தோன்றும். 80 அளவிலான இனங்கள் நஞ்சு சுரப்பவை. இவ்விரு தொகுதியும் ஒன்றல்ல என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். நிறம் மாறிய கடலில் நஞ்சில்லாமலிருக்கலாம். பளிங்குபோலத் தெளிந்த கடலில் நஞ்சிருக்கலாம். கண்ணை நம்பிப் பயனில்லை என்பதே இத்துறையின் முதற்பாடம்.

ஜாலான் புசாரில் வசிக்கும் நமக்கு இதைப்பற்றி எழுத என்ன அவசியம் என்று சிலர் கேட்கக்கூடும். ஜாலான் புசார் என்றால் மலாய் மொழியில் பெரிய சாலை என்று பொருள். இரும்புச் சாமான் கடைகளும், குளியலறைப் பீங்கான் கடைகளும், காப்பிக் கடைகளும் நிறைந்த சாலை. எந்த மாடியில் ஏறி நின்றாலும் எதிர்மாடிதான் தெரியும், கடல் தெரியாது. இந்தப் பகுதி ஒரு காலத்தில் சதுப்பு நிலமாய் இருந்ததென்று சொன்னால் இங்குள்ள இளைஞர்கள் சிரிக்கின்றார்கள். ஆயினும், ரோவல் ரோட்டின் வழியே சிராங்கூன் சாலையை அடைந்து, தேக்காச் சந்தைக்குள் நுழைந்துவிட்டால், கடல் அங்கே பனிக்கட்டியின்மேல் படுத்துக் கிடக்கின்றது. கொடுவா, கலவா, வௌவால், மட்டி, நண்டு என்று நாம் விலை பேசுவதெல்லாம் கடலைத்தான். அந்தக் கடலுக்கு என்ன நேர்கின்றது என்பதை விலைப்பலகை சொல்வதில்லை.

2014ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தை இவ்வூரார் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் தொடர்ந்து மழையில்லை. புல்தரைகள் கருகின. அந்த வறட்சியின் முடிவில், ஜொகூர் நீரிணையில் கூண்டுகள் மிதக்கவிட்டு மீன் வளர்ப்போரின் பண்ணைகளில் மீன்கள் வயிற்றைக் காட்டி மிதக்கத் தொடங்கின. 39 பண்ணைகளில் ஏறக்குறைய 160 டன் மீன் அழிந்தது. வெப்பமும், நீரில் உயிர்க்காற்றுக் குறைந்ததும், நுண்பாசிப் பெருக்கமும் காரணமாயிருக்கலாம் என்று அப்போதிருந்த வேளாண், உணவு, கால்நடை மருத்துவ ஆணையம் தெரிவித்தது. மறு ஆண்டு, 2015 பிப்ரவரி இறுதியிலும் மார்ச்சிலும், மீண்டும் அதே நீரிணையில் 500 முதல் 600 டன் வரை மாண்டது. 2009 டிசம்பரிலும் பாசிர் ரிஸ் கரையில் செத்த மீன்கள் ஒதுங்கியதுண்டு.

சனிக்கிழமை மாலைகளில் நம் அறையில் கூடும் நண்பர்கள் அப்போது இதைப்பற்றி விவாதித்தார்கள். கடலன்னைக்குச் செய்யவேண்டியதை மக்கள் மறந்துவிட்டார்கள். அதனால் வந்த வினை என்றார் ஒருவர். ஏதோ ஒரு கப்பல் எதையோ கொட்டியிருக்கின்றது; மேலே உள்ளவர்கள் மறைக்கின்றார்கள் என்றார் மற்றொருவர். எல்லாம் அக்கரையார் வேலை என்று வடக்கே கை காட்டினார் மூன்றாமவர். தேக்காவில் செத்த மீனைக் கழுவி விற்கின்றார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு வாரம் வீட்டில் கருவாடு மட்டுமே சமைத்ததாக நான்காமவர் பெருமையோடு கூறினார். கருவாடு வேறு கடலிலிருந்து வந்ததுபோலும்! முதல்வரை மூடநம்பிக்கையுடையவர் என்று மற்ற மூவரும் எள்ளினார்கள். நம் அபிப்பிராயம் வேறு. கடலன்னையைக் காரணம் காட்டினாலும், கப்பலைக் காரணம் காட்டினாலும், ஒரு கை நீரை அள்ளிப் பாராமல் பேசுகின்றவரை இரண்டும் ஒரே இனத்துப் பேச்சுத்தான்.

அள்ளிப் பார்த்தவர்கள் கண்டதென்ன? மேற்கு ஜொகூர் நீரிணையில் 2014 பிப்ரவரியில் பெருகியது கார்லோடினியம் ஆஸ்திராலே என்னும் உயிர் என்று மலேசிய ஆராய்ச்சியாளர்கள் அதே ஆண்டில் எழுதினார்கள். கிழக்கு நீரிணையில் கரேனியா மிகிமோட்டோய் என்னும் மற்றோர் இனம் பெருகியதையும், அப்போது நீரிலிருந்த சத்துப்பொருள்களையும் ஆராய்ந்து சிங்கப்பூர் ஆராய்ச்சியாளர்கள் 2019இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெயர்கள் வாய்க்குள் நுழைய மறுக்கின்றன; அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். கொலைகாரனைப் பிடிக்கப் போகின்றவன், பெயர் நீளமாயிருக்கின்றதென்று திரும்பி வருவதில்லை.

ஏன் இந்த நீரிணையில் மட்டும் அடிக்கடி நிகழ்கின்றது? 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலத்தை நம்மவர் ஆயிரமாயிரம் பேர் நாள்தோறும் கடக்கின்றார்கள். அது தூண்களின்மேல் நிற்கும் பாலமன்று. கல்லைக் கொட்டி எழுப்பிய கரை. நீரிணையை அது இரண்டு முட்டுச்சந்துகளாக்கிவிட்டது. ஒரு வாயிலில் நுழைந்து மறு வாயிலில் வெளியேறிக்கொண்டிருந்த நீர், இன்று வந்த வழியே திரும்பவேண்டியிருக்கின்றது. அதிலும் அட்டமியை ஒட்டிய நாள்களில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் சிறுத்துவிடும். நீர் நின்ற இடத்திலேயே நிற்கும். இரு கரைகளிலிருந்தும் இறங்கும் கழிவுகளில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் உண்டு. மீனுக்கிடும் தீனியின் மிச்சமும் அதே வேலையைச் செய்கின்றது. மேலே வெயில் காய்கின்றது. பாசிக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? ஒரு நாளைக்கு ஒரு முறை இரண்டாகப் பிளக்கின்ற ஓர் உயிர், தடையின்றிப் பெருகினால், இருபதாம் நாள் பத்து இலட்சத்தைத் தாண்டிவிடும். பத்தொன்பதாம் நாள் வரை அதில் பாதிதான். அதற்குச் சில நாள் முன்னரோ, பண்ணைக்காரர் குனிந்து பார்த்தால் தண்ணீர் தண்ணீராகத்தான் இருக்கும். அதன்பின் வரும் மூன்று நான்கு நாளில் எல்லாம் முடிந்துபோம்.

கார்லோடினியம் சுரக்கும் நஞ்சு மீனின் செவுளிலுள்ள உயிரணுக்களைத் துளைத்துவிடுகின்றது. நீரிலேயே பிறந்து நீரிலேயே வளர்ந்த உயிர் நீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் சாகின்றது. நஞ்சில்லாத பாசியும் வேறு வழியில் கொல்லும். பகலில் உயிர்க்காற்றை வெளியிடும் பாசி இரவில் அதனையே உட்கொள்கின்றது. செத்தபின் அதனை அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் மிச்சத்தையும் உறிஞ்சிவிடுகின்றன. கட்டற்ற மீன் விலகி ஓடிவிடுகின்றது. கூண்டில் அடைபட்ட மீனுக்கு ஓட வழியில்லை. இரண்டு ஆண்டு தீனி போட்டு வளர்த்த கொடுவாய், விற்பனைக்குச் சில வாரம் இருக்கையில், ஓர் இரவில் குப்பையாகின்றது. கடன் மட்டும் சாவதில்லை.

நம் நண்பர் ஒருவரின் மகள் இத்துறையில் ஆராய்ச்சி மாணவியாயிருந்தாள். சில ஆண்டுகளுக்கு முன், “மாமா, செய்தித்தாளில் படித்துக்கொண்டே இருக்கிறீர்களே, ஒரு நாள் வந்து பாருங்கள்” என்று அழைத்தாள். விடியுமுன்னே படகுத்துறையிலிருந்து எடுத்து வந்த நீர் அது. ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கே இடைவெளியுள்ள சல்லடைத் துணியில் வடித்தெடுத்தது ஒரு குப்பியிலும், வடிக்காதது மற்றொரு குப்பியிலும் இருந்தன. ஒரு பகுதியில் அயோடின் கரைசலைச் சொட்டினாள். உடனே நீர் வெளிர்ந்த தேநீரின் நிறம் கொண்டது. மற்றொரு பகுதியை அப்படியே வைத்துக்கொண்டாள். காரணம் கேட்டோம். “கார்லோடினியத்துக்கு மேலே ஓடு கிடையாது மாமா. மருந்து பட்டால் உருக்குலைந்துவிடும். அதை உயிரோடுதான் பார்க்க வேண்டும், அதுவும் இன்றைக்கே பார்க்க வேண்டும்” என்றாள்.

நுண்ணோக்கியில் நம்மைப் பார்க்கச் செய்தாள். நம் இளமையில் பூதக்கண்ணாடி என்று சொல்லுவோம். அன்று கண்டதற்கு அந்தப் பெயரே பொருத்தம். இடுப்பைச் சுற்றி ஒரு சாட்டையும் பின்னே ஒரு சாட்டையுமாக, பம்பரம்போலச் சுழன்று சுழன்று சில உருண்டைகள் பார்வையின் குறுக்கே ஓடின. கோயில் தேரோட்டத்தைக் கண்டு வியக்கும் சிறுவனின் வியப்பு நமக்கு வந்தது என்றால் மிகையன்று. இவற்றுள் எது நஞ்சு என்று கேட்டோம். “பார்த்தால் தெரியாது மாமா. ஒரே குடும்பத்தில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. முகம் ஒன்றுபோலிருக்கும். மரபணுவைப் படித்தால்தான் தெரியும்” என்றாள். பிறகு ஆயிரம் கட்டம் கீறிய ஒரு கண்ணாடித் தட்டில் ஒரு மில்லி லிட்டர் நீரை விட்டு, கட்டம் கட்டமாக எண்ணத் தொடங்கினாள். எண்ணினாள், எண்ணினாள், அரைமணி நேரம் எண்ணினாள். கையில் ஒரு சிறு கருவி சொடக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. அடுத்த வாரமும் இதே துறையில் இதே நேரத்தில் இதே அளவு நீரை எடுத்து எண்ணுவாளாம். மீன் சாகாத வாரங்களிலும் எண்ணுவாளாம். அதில் என்ன பிரயோஜனம் என்று அவள் வீட்டாரே கேட்கின்றார்களாம். சாதாரண நாளின் கணக்குத் தெரியாதவனுக்கு அசாதாரண நாள் வந்தது எப்படித் தெரியும்? விஞ்ஞானம் என்றால் வானத்தைப் பிளக்கும் கண்டுபிடிப்பு என்று நம் பத்திரிகைகள் எழுதி எழுதி, இத்தகைய உழைப்பை உழைப்பாகவே எண்ணாத நிலைக்கு நம்மவரைக் கொண்டுவந்துவிட்டன.

இது நிற்க. இந்த ஆராய்ச்சி மேல்நாட்டாரின் சரக்கு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நம் கரைகளிலேயே அது நூறாண்டுக்கு மேற்பட்டது. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், மலையாளக் கரையில் மீன்கள் கூட்டங்கூட்டமாக மாள்வதற்கு நுண்ணுயிர்ப் பெருக்கமே காரணம் என்று 1917இல் எழுதினார். 1935 ஜூன் மாதத்தில் சென்னைக் கரையில் நிகழ்ந்த மீன்சாவைப் பற்றி ஆர். கோபால அய்யர் 1936இல் குறிப்பெழுதினார். பாம்பன் பகுதியில் நூல்நூலாய் மிதக்கும் டிரைக்கோடெஸ்மியம் பெருகியதைப் பற்றிச் சிதம்பரமும் உண்ணியும் 1944இல் எழுதினார்கள். 1954இல் ஆர். சுப்ரமணியன், மலையாளக் கரைக் கடலைப் பச்சையாக்கி மீன்களைக் கொன்ற புதியதோர் உயிரை விவரித்து, முன்னோடியை நினைவுகூரும் வகையில் அதற்கு ஹார்னெல்லியா மரீனா என்று பெயரிட்டார். பின்னர் 1982இல் ஜப்பானிய அறிஞர் இருவர் அதனைச் சாட்டோனெல்லா என்னும் பேரினத்தில் சேர்த்தார்கள். அந்தப் பேரினத்தின் பெயர் ஜப்பானில் மீனவச் சிறுவனுக்கும் தெரிந்திருக்கக்கூடும். 1972 கோடையில் செட்டோ உள்நாட்டுக் கடலில் அது பெருகி, வளர்ப்பு மீன்கள் 1 கோடியே 40 இலட்சத்தைக் கொன்றது. 710 கோடி யென் நட்டம்.

ஜப்பானியர் என்ன செய்தார்கள்? மறு ஆண்டே, 1973இல், அந்தக் கடலைக் காக்கத் தனிச் சட்டம் இயற்றினார்கள். ஆலைக்கழிவைக் குறைக்கச் செய்தார்கள். 1976 அளவில் ஆண்டுக்கு 300 முறை வரை வந்த பெருக்கம், பின்னர் 100 அளவுக்கு இறங்கியது. அக்கதை அவ்வளவு இனிதாக முடியவுமில்லை. நீர் தெளிந்துபோய்ச் சத்துக் குறைந்ததால் உணவுப்பாசி வளர்ப்போரும் மீனவரும் முறையிட்டார்கள். இடம் பார்த்துச் சத்தைச் சேர்த்துக்கொள்ள 2021இல் சட்டத்தைத் திருத்த நேர்ந்தது. கடலை ஆள்வது உப்பிட்டுச் சமைப்பதுபோல. கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும்.

மீன் செத்ததைப் பற்றியே இதுவரை பேசினோம். மனிதர் செத்ததையும் பேச வேண்டும். 1981இல் தமிழ்நாட்டில் வயலூரில் மட்டி தின்ற 85 பேர் மருத்துவமனை சேர்ந்தார்கள், மூவர் இறந்தார்கள். 1997 செப்டம்பரில், கன்னியாகுமரிக்குச் சற்று வடக்கே விழிஞத்தில், சிப்பி தின்றவர்களுள் 7 பேர் இறந்தார்கள். 500 பேர் அளவில் மருத்துவமனைக்கு ஓடினார்கள். மட்டியும் சிப்பியும் நீரை வடித்து உண்ணும் உயிர்கள். அதிலுள்ள நச்சுப்பாசியையும் சேர்த்தே உண்கின்றன. அவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. நஞ்சு தசையில் தங்கிவிடுகின்றது. அதனைத் தின்ற மனிதருக்கு முதலில் உதடு மரத்துப்போகும்; பிறகு நாக்கு, விரல் நுனி; நடை தள்ளாடும்; கடைசியில் மூச்சுவாங்கும் தசை நின்றுவிடும். நரம்பின் வழியே செய்தி செல்லும் நுண்வாயில்களை அந்த நஞ்சு அடைத்துவிடுவதே காரணம். மாற்றுமருந்து இல்லை. உடல் தானே நஞ்சைக் கழிக்கும்வரை கருவியின் உதவியால் மூச்சை ஓட்டிக்கொண்டிருந்தால் பிழைக்கலாம். இதில் கொடுமை யாதெனில், கொதிக்க வைத்தாலும் அது அழிவதில்லை. புளி விட்டாலும், மஞ்சள் போட்டாலும், இஞ்சி தட்டிப் போட்டாலும் அழிவதில்லை. மணத்தாலும் சுவையாலும் கண்டுகொள்ள முடியாது. வீட்டாருக்கு விருந்தாக எண்ணிச் சமைத்த கைகளே அதனைப் பரிமாறியிருக்கும்.

இவை நமக்கு நெடுநாள் உறுத்திக்கொண்டிருக்கும் விஷயங்கள். 1927இல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் இதே வகை நஞ்சால் 102 பேர் நோயுற்று, 6 பேர் மாண்டார்கள். சாமர், மேயர் என்னும் இருவர் ஆண்டுக்கணக்கில் கடல்நீரையும் சிப்பியையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, நஞ்சின் பிறப்பிடம் நுண்பாசியே என்பதை 1937இல் நிலைநாட்டினார்கள். 20 கிராம் எடையுள்ள ஒரு சுண்டெலியைக் கால்மணி நேரத்தில் கொல்லும் நஞ்சு எவ்வளவோ அதனை ஓர் அளவாகக் கொண்டு கணக்கிடும் முறையை வகுத்தார்கள். பல நாடுகள் பின்னர் எல்லை வகுத்தன. 100 கிராம் சதையில் 80 மைக்ரோகிராமுக்கு மேலிருந்தால் விற்கக் கூடாது. கலிபோர்னியாவில் ஆண்டுதோறும் மே முதல் அக்டோபர் முடிய, தாமே சிப்பி பொறுக்கித் தின்பதற்குத் தடையுண்டு. 1937க்கும் 1981க்கும் இடையே 44 ஆண்டுகள். இத்தனை ஆண்டுகளில் அந்தச் செய்தி கலிபோர்னியாக் கரையிலிருந்து வயலூர்க் கரை வரை வந்து சேரவில்லை. நம் நாட்டு அறிஞர்கள் அறியாமலா இருந்தார்கள்? அறிந்தே இருந்தார்கள். நாம் மேலே குறித்த குறிப்புகள் யாவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, ஆங்கிலத்தில் படிக்கப்பட்டு, ஆங்கில அலமாரிகளில் பத்திரமாயிருந்தன. முழங்கால் நீரில் நின்று மட்டி பொறுக்கிய பெண்ணுக்கு அதிலொரு வரியாவது எட்டியதுண்டா?

அவளிடமிருந்து அறிஞர்க்கு எட்டவேண்டியதும் உண்டு. 2019 ஆகஸ்டில் ஓர் உறவினர் திருமணத்துக்காகச் சென்னை சென்றிருந்தோம். இரவு பத்து மணிக்குமேல் பிள்ளைகள் நம்மைத் திருவான்மியூர்க் கடற்கரைக்கு இழுத்துப் போனார்கள். அலை உடையும்போதெல்லாம் நீல ஒளி வீசிற்று. ஊரே திரண்டு வந்து நின்றது. காலால் நீரை உதைத்து உதைத்து ஒளி எழுப்பிக் குழந்தைகள் கூவின. நாட்டிலூக்கா என்னும் உயிர் அது, அசைத்தால் ஒளிரும். அழகுதான், மறுப்பதற்கில்லை. அடுத்த இரு மாதங்களில் அதே இனம் மன்னார் வளைகுடாவில், பாம்பன், மண்டபம் பக்கம், கடலைப் பச்சையாக்கிற்று. மீன்கள் கரையொதுங்கின. ஒரு லிட்டர் நீரில் உயிர்க்காற்று 2 மில்லிகிராமுக்கும் கீழே போய்ப் பவளப்பாறைகள் மாண்டதைத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் கடலுக்குள் இறங்கிக் கண்டு எழுதினார்கள். ஆனால் அப்பகுதி மீனவர்க்கு இது புதிதன்று. பூங்கோரை என்று அவர்கள் அதற்குப் பெயரே வைத்திருக்கின்றார்கள். தென்மேற்குக் காற்று ஓயும் காலத்தில் அது வருமென்பதையும் அறிவார்கள். பெயர் வைத்தவன் பார்த்திருக்கின்றான் அல்லவா? வானத்துத் துணைக்கோளிலிருந்து கடலின் நிறத்தைப் பார்த்து எச்சரிக்கும் ஏற்பாடு ஐதராபாத்தில் நடக்கின்றது, மிக நன்று. மேகம் மூடிய நாளில் துணைக்கோளுக்குக் கண் தெரியாது, படகிலிருப்பவனுக்குத் தெரியும்.

நாம் சைவராயிற்றே, நமக்கென்ன என்று இருக்கும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. 2008 இறுதியில் பாரசீக வளைகுடாவிலும் ஓமான் கடலிலும் எட்டு மாத அளவு நீடித்த பெருக்கம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளின் வடிகட்டிகளை அடைத்து, சில ஆலைகளை நிறுத்தி வைத்தது. சிங்கப்பூர் 2005 முதல் கடல்நீரைக் குடிக்கின்றது. 2022க்குள் ஐந்து ஆலைகள் அமைந்துவிட்டன. சென்னையில் மீஞ்சூரும் நெம்மேலியும் அவ்வாறே. அன்பர்கள் கொடுவாயைத் தொடாதிருக்கலாம். காப்பியைத் தொடாதிருக்க முடியுமா?

மீன் பண்ணைக்காரர்கள் இன்று எண்ணிக்கை ஏறுகின்றதென்று கேட்டவுடன் தீனியை நிறுத்துகின்றார்கள். காற்றடிக்கும் பொறியை முடுக்குகின்றார்கள். கூண்டைச் சுற்றித் தார்ப்பாய்ச் சுவர் கட்டுகின்றார்கள். சிலர் கடலோடு தொடர்பறுத்த மூடிய தொட்டிகளுக்கே மாறிவிட்டார்கள். கொரியாவில் களிமண்ணைத் தூவிப் பாசியை அடியில் அமுக்குகின்றார்கள். எல்லாவற்றுக்கும் முன்னறிவிப்பு இரண்டு நாளாவது வேண்டும். அந்த இரண்டு நாளைத்தான் நம் மாணவி சொடக்குப் போட்டு எண்ணிச் சேர்க்கின்றாள்.

சென்ற ஆண்டு அவள் நம்மைத் தேடி ஜாலான் புசாருக்கு வந்தாள். அவள் தாயாரின் ஊர் மண்டபத்துக்கு அருகில். அங்குள்ள பெண்களுக்கு ஒரு துண்டுத்தாள் அச்சிட்டுக் கொடுக்க எண்ணி, தமிழில் எப்படி எழுதுவதென்று கேட்டாள். அவளே ஒரு படி எழுதி வந்திருந்தாள். அதன் தலைப்பு, ‘நச்சுக் கடற்பாசி எச்சரிக்கை’. நாம் அதனை ஒப்பவில்லை. அந்தக் கரையில் எத்தனையோ பெண்கள் கடற்பாசி பொறுக்கித்தான் பிழைக்கின்றார்கள். நோன்புக்காலத்தில் இங்கே நாம் உண்ணும் கடற்பாசியும் அவ்வினத்ததே. பாசி நஞ்சு என்று தாளில் அச்சேறினால் வாங்குவோர் கையை இழுத்துக்கொள்வார்கள்; நுண்ணுயிர் செய்த குற்றத்துக்குப் பெண்களின் வயிறு காயும். பூங்கோரை என்றே போடலாமே என்றாள். அது ஓர் இனத்துக்கு மட்டும் வழங்கும் பெயர். மட்டியில் நஞ்சேற்றுவது வேறு இனம். பச்சை தெரியாத கடலில் அச்சமில்லை என்று அவர்கள் எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்றோம். இரண்டு மணி நேரம் இப்படியே கழிந்தது. கீழே கடையிலிருந்து தேநீர் இரண்டு முறை வந்தது.

இறுதியில் தலைப்பையே எடுத்துவிட்டோம். பாசி என்ற சொல்லும் இல்லை. நான்கு வரிகள்தாம். மட்டி, சிப்பி தின்ற பின் உதடு மரத்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தின்ற மிச்சத்தைக் கொட்டாமல் கையோடு கொண்டுபோக வேண்டும். மற்றவர்களும் அதைத் தின்னாமல் நிறுத்த வேண்டும். நான்காவது வரி, நன்றாக வேகவைத்தாலும் இது போகாது என்பது. அதை முதல் வரியாக்க வேண்டும் என்றோம். அவள் சற்று யோசித்து, பேனாவால் அம்புக்குறியிட்டு மேலே ஏற்றினாள்.